பார்வையிழந்த முன்னாள் படைவீரர் சங்கத்தில் சேர யாருக்குத் தகுதி? அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெரியவர் இளவயதில் ஓராண்டு வியட்நாமில் இருந்தவர். சர்க்கரை நோய் முற்றி இரு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. தபால் பெட்டியில் சேரும் கடிதங்களைப் படித்துக் காட்டச் சனிக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவார். அப்படி ஒரு சனிக்கிழமை, பார்வையிழந்த படைவீரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதே, அதில் ஏன் நீங்கள் சேரவில்லை என்று கேட்டேன். "அது குண்டு பட்டுக் கண் போனவர்களுக்கு. எனக்குப் போனது சர்க்கரையில். தவிர, நான் ஒன்றும் குருடன் இல்லை, நீ போட்டிருக்கும் சட்டையின் நிறம் எனக்குத் தெரிகிறது" என்றார்.

அவர் சொன்ன மூன்றுமே தவறு. குண்டு படாதவர்களும் சேரலாம். வியட்நாமில் இருந்தவருக்கு வந்த சர்க்கரை நோயைப் போரின் விளைவாகவே அமெரிக்கச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சட்டையின் நிறம் தெரிவதற்கும் சட்டம் சொல்லும் பார்வையின்மைக்கும் தொடர்பில்லை. இந்த மூன்று தவறுகளையும் நம்பித் தங்களைத் தாங்களே தள்ளிவைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவருக்காக அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மகனோ மகளோ அமெரிக்கப் படையில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்களுக்கும், என்னைப் போல ஓர் அமெரிக்க முதியவருக்குக் கடிதம் படித்துக் காட்டுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில், எந்தச் சங்கம்

பிளைண்டட் வெட்டரன்ஸ் அசோசியேஷன். சுருக்கமாக பி.வி.ஏ. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்கப் படையினருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்க, கனெக்டிகட் மாநிலத்தின் ஏவன் ஓல்ட் ஃபார்ம்ஸ் என்ற பள்ளி வளாகத்தைப் படை எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே பயிற்சியில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் 1945 மார்ச் 28 அன்று கூடித் தொடங்கியதுதான் இந்தச் சங்கம். போர் அப்போது முடிந்திருக்கவில்லை. தங்களுக்காக வேறு யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை. 1958ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிச் சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது.

சங்கம் தனி, அரசுத் துறை தனி. இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளாவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும். முன்னாள் படைவீரர் நலத்துறையை இங்கே எல்லோரும் வி.ஏ. என்றே சொல்கிறார்கள். ஓய்வூதியம், இழப்பீடு, மருத்துவம், மறுவாழ்வு மையம் எல்லாம் வி.ஏ. கொடுப்பவை. பி.வி.ஏ. என்பது அந்த வி.ஏ.விடம் உங்கள் பக்கம் நின்று பேசும் தோழமைச் சங்கம். ஒன்றில் கிடைத்த "இல்லை" மற்றொன்றிலும் "இல்லை" ஆகிவிடாது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றைக்கோ ஒரு விண்ணப்பத்துக்கு வி.ஏ.விடமிருந்து மறுப்புக் கடிதம் வந்திருந்தது. அதோடு எல்லாக் கதவும் அடைந்துவிட்டதாக அவர் எண்ணிவிட்டார்.

படி 1: பணியாற்றியது எந்தப் படையில், விடுவிக்கப்பட்டது எப்படி

அமெரிக்கப் படையில் முறைப்படி பணியாற்றி விடுவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். இந்தியத் தரைப்படையில் இருபது ஆண்டு இருந்து, ஓய்வுக்குப் பின் பிள்ளைகளோடு டெக்சஸில் வசிக்கும் சுபேதாருக்கு இங்கே இடமில்லை. அவருக்கான வழிகள் இந்தியாவில் இருக்கின்றன. அதைக் கடைசியில் தொடுகிறேன்.

பணியாற்றும்போது குடியுரிமை இருந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. பச்சை அட்டையோடு படையில் சேர்ந்தவர்கள் உண்டு. 2008ல் தொடங்கிய மாவ்னி என்ற திட்டத்தில், பச்சை அட்டைகூட இல்லாமல் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தவர்களையும் மொழியறிவுக்காகப் படை சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிப் போன நம் பிள்ளைகளும் இன்று முன்னாள் படைவீரர்களே.

அடுத்து, விடுவிப்பின் தன்மை. படையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை விழும்: கண்ணியமான விடுவிப்பு, கண்ணியமான சூழலில் பொது விடுவிப்பு, அதற்குக் கீழானவை, கடைசியில் அவமதிப்போடு வெளியேற்றம். முதல் இரண்டில் சிக்கல் பொதுவாக வராது. கீழே போகப் போக அரசின் உதவிகள் குறையும். ஆனாலும் அந்த முத்திரை கல்வெட்டு இல்லை. வெளியே வந்து 15 ஆண்டுக்குள் என்றால் டிடி-293 என்ற படிவத்தில் விடுவிப்பு மறுஆய்வுக் குழுவிடமும், அதற்கு மேல் ஆகிவிட்டால் டிடி-149 என்ற படிவத்தில் ஆவணத் திருத்தக் குழுவிடமும் மாற்றக் கோரலாம். போரின் மன அதிர்ச்சியிலும் தலைக்காயத்திலும் நிலைதடுமாறியவர்கள் ஒழுங்கீனம் என்று வெளியேற்றப்பட்டதுண்டு. அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் படியிலேயே நின்றுவிடாதீர்கள்.

பணிக்காலம் பற்றி ஒன்று. 1980 செப்டம்பர் 7க்குப் பின் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் வி.ஏ. மருத்துவத்துக்குப் பொதுவாக 24 மாதம் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும், அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுவதையும் முடித்திருக்க வேண்டும். பணியில் ஏற்பட்ட ஊனத்தால் முன்னதாகவே அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. பயிற்சி முகாமில் ஆறாவது மாதம் கண்ணில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் "நான் முழுக்காலம் முடிக்கவில்லையே" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

படி 2: பார்வை எவ்வளவு குறைந்திருக்க வேண்டும்

பலரும் வழுக்கி விழும் இடம் இது. சட்டம் சொல்லும் பார்வையின்மை என்பது இருட்டு இல்லை. அது இரண்டு அளவுகளில் ஏதாவது ஒன்று.

முதல் அளவு பார்வைக் கூர்மை. கண் மருத்துவமனைச் சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிக் கீழே சிறுத்துக்கொண்டே போகும் அட்டையை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862ல் வகுத்தது. நல்ல கண்ணுக்கு 200 அடி தூரத்தில் தெரியும் எழுத்து உங்களுக்கு 20 அடியில்தான் தெரிகிறது என்றால் உங்கள் அளவு 20/200. நம் ஊர்க் கணக்கில் 6/60. இரு கண்ணில் *நன்றாகத் தெரியும்* கண்ணில், *கண்ணாடி போட்ட பிறகும்*, இந்த அளவோ அதற்குக் கீழோ இருந்தால் சட்டப்படி பார்வையிழந்தவர். சாய்வாகக் காட்டியிருக்கும் இரண்டையும் மறந்துவிட்டுத்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது, போட்டால் நன்றாகத் தெரியும் என்பவர் இதில் வரமாட்டார். ஒரு கண் முற்றிலும் போய் மறு கண் நன்றாக இருப்பவரும் இந்த அளவுகோலின்படி வரமாட்டார். ஒற்றைக் கண் போனவருக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் வேறொரு நல்ல வழி இருக்கிறது. அடுத்த படியில் சொல்கிறேன்.

இரண்டாவது அளவு பார்வைப் புலம். தலையைத் திருப்பாமல், கண்ணை அசைக்காமல் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. நன்றாகத் தெரியும் கண்ணில் அந்த அகலம் 20 பாகையோ அதற்குக் குறைவோ ஆகிவிட்டால், அட்டையின் கடைசி வரியைப் படிக்க முடிந்தாலும் சட்டப்படி அவர் பார்வையிழந்தவர்தான். புரியவில்லையென்றால் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எதிரில் இருக்கும் முகம் தெளிவாகத் தெரியும். காலடியில் இருக்கும் முக்காலி தெரியாது. குளுக்கோமா, ரெட்டினைடிஸ் பிக்மெண்டோசா என்ற கண் நோய்கள் முற்றியவர்கள் இப்படித்தான் நாளெல்லாம் நடக்கிறார்கள். "அவருக்குத்தான் பேப்பர் படிக்க முடிகிறதே, எதற்கு வெள்ளைக் கோல்" என்று அக்கம்பக்கத்தார் பேசுவது இவர்களைத்தான்.

குண்டு வெடிப்பில் மூளை குலுங்கியவர்களிடமும் இது உண்டு. விழி நன்றாக இருக்கும். மூளையின் பார்வைப் பகுதி அடிபட்டிருக்கும். சாதாரண கண்ணாடிக் கடைப் பரிசோதனை கூர்மையை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடும். ஆகவே மருத்துவரிடம் பார்வைப் புலப் பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய அட்டையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதில் 20/100 வரிக்கு மேலே அடுத்து இருப்பது நேராக 20/200 எழுத்துதான். இடையில் படி இல்லை. 20/100 வரியில் ஓர் எழுத்தும் தெரியாதவரின் அளவைச் சிலர் 20/200 என்று எழுதுவார்கள். புதுவகை அட்டையில் அதே கண் 20/160 என்று வரக்கூடும். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் எந்த அட்டையில் அளந்தார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் வாங்கிய மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களுக்காக: இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் பார்வையின்மை என்பது 3/60க்கும் கீழ், அல்லது புலம் 10 பாகைக்கும் குறைவு. 6/60 இருப்பவர் அங்கே "குறைபார்வை" உள்ளவர், இங்கே "பார்வையிழந்தவர்". இந்தியச் சான்றில் குறைபார்வை என்று இருப்பதைப் பார்த்து இங்கே தகுதி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 3: பார்வை போனதற்குப் பணி காரணமா

சங்கத்தின் அமைப்பில் நெடுங்காலமாக இரண்டு வகை உறுப்பினர்கள். படைப்பணியோடு தொடர்புள்ள காரணத்தால் பார்வை போனவர்கள் முழு உறுப்பினர்கள். பணியை விட்ட பிறகு முதுமையாலோ நோயாலோ விபத்தாலோ போனவர்கள் இணை உறுப்பினர்கள். பணி காரணமில்லை என்றாலும் கதவு திறந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். எண்பது வயதில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து பார்வை போன பழைய கப்பற்படை சமையல்காரரும் இந்தச் சங்கத்தில் சேரலாம்.

ஆனால் பணத்துக்கு இந்த வேறுபாடு பெரியது. பணித்தொடர்பு நிலைநாட்டப்பட்டால் வி.ஏ. மாதந்தோறும் இழப்பீடு தரும். ஆகவே விண்ணப்பத்தில் "பணித்தொடர்பு இல்லை" என்று அவசரப்பட்டு எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வியட்நாம். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையான காலத்தில் வியட்நாமில் கால் வைத்த படைவீரருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தால், ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியின் விளைவாக அதைச் சட்டம் அனுமானிக்கிறது. 2001 முதல் இருக்கும் விதி இது. அவர் அந்த மருந்தைத் தொட்டார், மூச்சில் இழுத்தார் என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சர்க்கரை பணியால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால், சர்க்கரையால் விழித்திரை கெட்டதும் அதன் வழித்தோன்றலாகப் பணித்தொடர்பு பெறும். என் பக்கத்து வீட்டுக்காரரின் கதை இதுதான். அவர் தன்னைத் தகுதியில்லாதவர் என்று கருதியதற்குச் சொன்ன காரணமே அவருடைய தகுதி.

இரண்டு, கண்ணைப் போல இரட்டையாக இருக்கும் உறுப்புகளுக்கான விதி. படையில் ஒரு கண் போனது. முப்பது ஆண்டு கழித்து முதுமையில் மறு கண்ணும் போனது. இரண்டாவது கண்ணுக்கும் படைக்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் இரண்டு கண்ணும் பணியிலேயே போனதுபோலக் கணக்கிட்டு இழப்பீடு தரச் சட்டம் சொல்கிறது. முன்பு இந்த விதிக்கு இதைவிடக் கடுமையான அளவு இருந்தது. 2007ல் திருத்தம் வந்த பிறகு 20/200 அல்லது 20 பாகை என்ற அளவே போதும். அந்தத் திருத்தத்துக்காகப் பல ஆண்டுகள் வாஷிங்டனில் கதவு தட்டியவர்களில் இந்தச் சங்கமும் உண்டு.

மூன்று, பழைய மருத்துவக் குறிப்புகள். பணியில் இருந்தபோது கண்ணில் தூசி, வெல்டிங் தீப்பொறி, தலையில் அடி என்று படை மருத்துவரிடம் போன ஒரு வரிக் குறிப்பு நாற்பது ஆண்டு கழித்துப் பெரிய சாட்சியாகலாம்.

இழப்பீட்டின் அளவு பற்றி ஒரு சொல். சட்டப்படி பார்வையிழந்தவர் என்றதும் நூறு சதவீதம் என்று பலர் நினைக்கிறார்கள். இரு கண்ணிலும் 20/200 என்றால் வி.ஏ.யின் அட்டவணையில் 70 சதவீதம். 15/200 என்றால் 80, 10/200 என்றால் 90, 5/200 ஆனால்தான் 100. பார்வை மேலும் குறைந்தால் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். யாரும் வந்து தானாகக் கூட்டிக் கொடுக்கப்போவதில்லை.

படி 4: காகிதங்கள்

முதல் காகிதம் டிடி-214. படையிலிருந்து வெளிவரும்போது கொடுக்கும் ஒரு பக்கச் சான்று. 1950ல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தரைப்படையினரிடம் அதற்குப் பதில் 53-55 என்ற எண்ணுள்ள பழைய படிவம் இருக்கும். டிடி-214ல் பல பிரதிகள் உண்டு. "மெம்பர்-1" என்று கீழே அச்சிட்ட பிரதியில் விடுவிப்பின் தன்மை இருக்காது. "மெம்பர்-4" பிரதியில்தான் இருக்கும். மெம்பர்-1ஐ அனுப்பிவிட்டு, போதாது என்று திரும்பி வரும்வரை காத்திருந்து ஒரு மாதத்தை வீணாக்கினோம். அனுப்பும் முன் தாளின் அடிப்பகுதியைப் படியுங்கள்.

சான்றே இல்லை, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றால் முதலில் அவர் படையிலிருந்து திரும்பிய காலத்தில் வாழ்ந்த கவுண்டியின் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். ஊர் திரும்பியவர்கள் விடுவிப்புச் சான்றைக் கவுண்டி அலுவலகத்தில் பதிந்துவைப்பது அந்தக் காலத்து வழக்கம். பலருக்கே தாங்கள் பதிந்தது மறந்துபோயிருக்கும். அங்கும் இல்லையென்றால் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 என்ற படிவத்தில் எழுதிக் கேட்கலாம். படைவீரருக்கும், அவர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கும் இது இலவசம். காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறோம் என்கிறவர்களை நம்ப வேண்டாம்.

அந்த மையத்தில் 1973 ஜூலை 12 அன்று பெருந்தீ பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் எரிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதமும், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில் பெயர் அகரவரிசையில் "ஹப்பர்ட்" என்பதற்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் 75 சதவீதமும் போயின. கோப்புகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தார்கள். தீயும் அந்த வரிசையிலேயே தின்றிருக்கிறது. பிரதியும் இல்லை, நுண்படமும் இல்லை. கொரியாப் போரில் பணியாற்றிய ஒருவரின் கோப்புக் கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால், அவர் பணியாற்றவில்லை என்று அதற்குப் பொருளில்லை. 13055 என்ற எண்ணுள்ள படிவத்தில் எந்தப் பிரிவில், எந்த ஊரில், எந்த மாதம் இருந்தார், எங்கே சிகிச்சை பெற்றார் என்று நினைவில் இருப்பதை எழுதிக் கொடுத்தால், சம்பளப் பட்டியல் போன்ற வேறு பதிவுகளிலிருந்து பணியை மீட்டு எழுதித் தருவார்கள். பெரியவர்களிடம் இதை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். பழைய புகைப்பட ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காபியோடு, இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்தவருக்கும் கூட இருந்த சமையல்காரரின் பெயர் நினைவிருக்கும், அதுகூட உதவும்.

இரண்டாவது காகிதம் கண் மருத்துவரின் கடிதம். "நோயாளிக்குப் பார்வை மிகக் குறைவு" என்ற பொதுவான வரி போதாது. இரு கண்ணுக்கும் தனித்தனியாகக் கண்ணாடியோடு கூடிய கூர்மை, பார்வைப் புலத்தின் பாகை, புல வரைபடத்தின் நகல், நோயின் பெயர், இனித் திரும்புமா திரும்பாதா என்ற கருத்து, பரிசோதித்த தேதி எல்லாம் வேண்டும். "சட்டப்படி பார்வையிழந்தவர்" என்ற சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர்கள் தாமாக எழுதமாட்டார்கள், கேட்டால் எழுதுவார்கள்.

படி 5: விஸ்ட் ஒருங்கிணைப்பாளரைப் பிடியுங்கள்

சங்கத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்யச் சொல்வேன், பிறகு செய்தாலும் குற்றமில்லை. பெரிய வி.ஏ. மருத்துவமனைகளில் பார்வைக் குறைபாட்டுச் சேவைக் குழு என்று ஒன்று இருக்கும். அந்தக் குழுவை விஸ்ட் என்ற சுருக்கெழுத்தால் அழைக்கிறார்கள், அதை நடத்துபவர் விஸ்ட் ஒருங்கிணைப்பாளர். பார்வையிழந்த படைவீரருக்கு வி.ஏ.யில் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் வாசல் அந்த ஒருவர்தான். தொலைபேசிப் பொறியின் பட்டியலில் அலையாமல் "விஸ்ட் கோஆர்டினேட்டர்" என்ற இரண்டு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அவரைப் பார்க்க முதலில் வி.ஏ. மருத்துவத்தில் பதிந்திருக்க வேண்டும். படிவம் 10-10 ஈஇசட். பதிவானதும், பணித்தொடர்பு இல்லாதவர்களும் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போகலாம். வி.ஏ. நடத்தும் 13 தங்கிப் பயிலும் மையங்கள் இருக்கின்றன. முதலாவது 1948ல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஹைன்ஸில் தொடங்கியது. நார்மண்டியில் கண்ணிழந்த ரஸ்ஸல் வில்லியம்ஸ் என்பவரே அதன் முதல் தலைவர். தரையை இரு பக்கமும் மாறி மாறித் தட்டிக்கொண்டு நடக்கும் நீண்ட வெள்ளைக் கோல் முறை பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் படை மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்தது. ஹைன்ஸில் அது பாடத்திட்டமாயிற்று. இன்று சென்னையிலோ மதுரையிலோ பார்வையற்றோர் பள்ளியில் கோல் பிடிக்கக் கற்கும் பிள்ளையின் கையில் இருப்பதும் அந்த முறையின் தொடர்ச்சிதான்.

படி 6: விண்ணப்பம்

இவ்வளவு தூரம் வந்தவருக்கு இது சின்ன வேலை. பெயர், முகவரி, எந்தப் படை, பணியில் சேர்ந்த நாள், வெளிவந்த நாள், பார்வை போன காரணம், பணித்தொடர்பு உண்டா இல்லையா. கூடவே டிடி-214இன் நகலும் மருத்துவரின் கடிதமும் தயாராக இருக்கட்டும். மூலப் பிரதியை யாருக்கும், எந்த அலுவலகத்துக்கும், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

பணித்தொடர்புக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை என்றால் அதற்காகச் சேர்வதைத் தள்ளிப்போட வேண்டாம். இணை உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு, வி.ஏ.யின் முடிவுக் கடிதம் வந்ததும் வகையை மாற்றிக் கேட்கலாம். அந்தக் கோரிக்கையை எழுதவும் சங்கத்தின் உதவி கிடைக்கும். படிவம் 21-22ல் கையெழுத்திட்டுச் சங்கத்தைத் தன் பிரதிநிதியாக நியமித்தால், வி.ஏ.யின் அங்கீகாரம் பெற்ற அதிகாரி ஒருவர் 21-526 ஈஇசட் என்ற இழப்பீட்டு விண்ணப்பத்தை உங்களோடு உட்கார்ந்து நிரப்பி, பின்தொடர்ந்து பார்ப்பார். கட்டணம் இல்லை. கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். முதல் விண்ணப்பத்துக்குக் காசு கேட்பதே சட்டவிரோதம். காசு என்ற பேச்சு வந்ததும் தொலைபேசியை வையுங்கள்.

சங்கத்துக்கு நாடெங்கும் வட்டாரக் குழுக்கள் உண்டு. சேர்ந்ததும் எந்தக் குழு பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். படிவங்களைவிட, அதே அளவு பார்வையோடு அடுப்பில் முட்டை பொரிக்கும் இன்னொரு பெரியவரைச் சந்திப்பதுதான் பலருக்கும் பயன்பட்டிருக்கிறது.

குடும்பத்தாருக்கு

பார்வையிழந்த படைவீரரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்குச் சங்கம் கேத்தர்ன் குரூபர் பெயரில் கல்வி உதவித்தொகை தருகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்தும் பேசும் புத்தகச் சேவை இலவசம். கண்ணியமாக விடுவிக்கப்பட்ட படைவீரருக்கு அதில் சட்டப்படி முன்னுரிமை உண்டு. வழிகாட்டி நாயை வி.ஏ. தருவதில்லை, தனி அமைப்புகளிடம்தான் வாங்க வேண்டும். வாங்கிய நாயின் மருத்துவச் செலவை வி.ஏ. ஏற்கும்.

அமெரிக்கப் படை இல்லை என்றால்

பிரிட்டனில் பணியாற்றியவருக்கு பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே. குளுக்கோமாவால் பார்வையிழந்த பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன் 1915ல் லண்டனில் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ்தான் 2012ல் இந்தப் பெயருக்கு மாறியது. தொடக்கத்தில் போரில் கண்ணிழந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, 2000 முதல் காரணம் எதுவானாலும் என்று விரிந்தது. அங்கும் முதியவர்கள் "நான் போரில் அடிபடவில்லையே" என்றுதான் தயங்குகிறார்கள் போலும்.

இந்தியாவுக்கும் அந்தப் பெயரோடு உறவுண்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்தியப் படையினருக்காக 1943ல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி திறக்கப்பட்டது. கலிப்போலியில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மக்கென்சி அதற்கு அடித்தளமிட்டவர். அந்த விடுதியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனம். அதன் வட்டார மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இருக்கிறது. மேலே சொன்ன சுபேதார் விடுமுறைக்கு ஊர் போகும்போது அங்கேயும், தன் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அநேகமாக அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: விடுவிப்புச் சான்றின் தவறான பிரதி, எண்ணில்லாத மருத்துவக் கடிதம், அல்லது பார்வைப் புலம் அளக்கப்படாதது. மூன்றையும் ஒரு மாதத்தில் சரிசெய்யலாம். வி.ஏ.யின் இழப்பீட்டு மறுப்புக்கு மேல்முறையீடு செய்ய ஓராண்டு அவகாசம் உண்டு. கடிதத்தின் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரரின் மெம்பர்-4 பிரதி கடைசியில் கவுண்டி அலுவலகத்தில்தான் கிடைத்தது. 1970ல் பதிந்தது அவருக்கு நினைவே இல்லை. சங்கத்தில் சேர்ந்துவிட்டார். வேகோவிலிருக்கும் வி.ஏ. மையத்தில் ஆறு வாரம் தங்கிவிட்டு, கடிதத்தைத் தானே வாசித்துச் சொல்லும் கருவி ஒன்றோடு திரும்பினார். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. சனிக்கிழமைகளில் இப்போதும் கூப்பிடுகிறார். அந்தக் கருவி என்னைவிட வேகமாகப் படிப்பதாக ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுவதற்கு.